இரும்புக்கு ஒரு தூண்டில்

ஒகாயாமா
மே 10, 1992

அன்புள்ள ரியோசோ அண்ணனுக்கு,

இங்கே துளிர்களெல்லாம் கரும்பச்சையாகிவிட்டன. அங்கே கடல் வெதுவெதுப்பாக ஆரம்பித்திருக்கும். நீயும் இகுயோ அண்ணியும் நலமா? மீனவர் சங்கத்தில் வருடா வருடம் நடக்கும் மருத்துவப் பரிசோதனை முடிந்திருக்குமே, உனக்கு என்ன சொன்னார்கள்?

நான் நலம். புது ஆய்வகத்தில் போன வாரம்தான் எனக்கென்று ஒரு மேசை கிடைத்தது. பேராசிரியர் நிஷிகோரி என்னிடம் ஒரு கிருமியை ஒப்படைத்திருக்கிறார். வெயில் காலத்தில், ஆறு வந்து கலக்கும் கடல் நீரில் பெருகுவது. நம் அரியாகே வளைகுடாச் சேறு அதற்குத் தாய் வீடு.

எல்லா உயிருக்கும் இரும்பு வேண்டும், அண்ணா. கிருமிக்கும்தான். ஆனால் நம் உடம்பு தன் இரும்பைச் சும்மா போட்டுவைப்பதில்லை. ரத்தத்தில் ஒரு புரதம் அதை இறுகப் பிடித்துக்கொண்டு திரிகிறது. அதனால் இந்தக் கிருமி சின்னஞ்சிறு பொருள் ஒன்றைச் செய்து வெளியே விடுகிறது. அது போய்ப் புரதத்தின் பிடியிலிருந்து இரும்பைப் பிடுங்கிக்கொண்டு வீடு திரும்புகிறது. மீன்பிடிக்கிறவர்கள் வீட்டில் பிறந்தவள் அல்லவா, நான் அதைத் தூண்டில் என்றே கூப்பிடுகிறேன். பக்கத்து மேசை உசாமி சிரிக்கிறார், சிரிக்கட்டும். அந்தத் தூண்டிலைத் தனியே பிரித்து, சுத்தமாக்கி, அது எதனால் ஆனது, என்ன வடிவம் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் என் வேலை.

ஓர் உதவி. படகுத்துறைப் பக்கத்துச் சேறு கொஞ்சம் அனுப்பு. கையுறை போட்டுக்கொண்டு எடு. நீ போட மாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பு.

சயோகோ

❖

சாகா
ஜூன் 3

சயோவுக்கு,

மழைக்காலம் வாசலில் நிற்கிறது, பூக்கள் முகம் கழுவுகின்றன என்றெல்லாம் எழுத எனக்கு வராது. மழை வரும். வந்தால் நனைவோம். நாங்கள் நலம்.

போனில் பேசிவிடலாமே என்கிறாள் உன் அண்ணி. படகு எஞ்சின் தின்ற காது எனக்கு. நீ பேசுவது எனக்குக் கேட்காது, நான் பேசுவது தெருவுக்கே கேட்கும். நமக்குக் காகிதம்தான் சரி.

சேற்றைப் பழைய மிசோ வாளியில் அடைத்து அனுப்பியிருக்கிறேன். வாளி கட்டும்போது பக்கத்துப் படகுத் தொராய்ச்சி பார்த்துவிட்டான். அவன் வாய் உனக்குத் தெரியாததா?

"என்னடா, தங்கச்சிக்குச் சீர் அனுப்புறியா?"

"ஆமா, அவதான் கேட்டா."

"முப்பத்தஞ்சு வயசுல மாப்பிள்ளை கேக்க வேண்டியவ, சேறு கேக்குறாளா?"

"மாப்பிள்ளையைவிடச் சேறு சொன்ன பேச்சு கேக்குமாம்."

அதோடு வாயை மூடிக்கொண்டான். இதை நீ சொன்னதாகவே ஊருக்குள் பரப்பியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

சாகே குடிப்பதை விட்டுவிட்டேன். காரணம் ஒன்றுமில்லை, அலுத்துவிட்டது. கொஞ்சம் களைப்பாக இருக்கிறது என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். உடனே உன் அண்ணி எனக்கு ரத்தம் குறைந்துவிட்டது என்று தீர்ப்பே எழுதிவிட்டாள். காலையும் மாலையும் ஷிஜிமி மட்டி போட்ட மிசோ சூப். அது போதாதென்று நடுவில் மாட்டு ஈரல் வறுவல். வயிற்றுக்குள் மட்டி ஓடு முளைத்துவிடும் போலிருக்கிறது.

உன் தூண்டிலைப் பற்றி வலை கட்டும்போதெல்லாம் யோசிக்கிறேன். இரும்பு எட்டாத இடத்தில் தூண்டில் போடுகிறது, சரி. தாராளமாகக் கொட்டிக் கிடக்கிற இடத்திலும் போடுமா? மெனக்கெட்டு எதற்குப் போட வேண்டும்?

ஒழுங்காகச் சாப்பிடு.

ரியோசோ

❖

ஒகாயாமா
ஜூன் 21

அன்புள்ள அண்ணனுக்கு,

மழை விடாமல் பெய்கிறது. ஆய்வக மேற்கூரை ஒழுகுகிறது, என் மேசையைத் தவிர மற்ற எல்லா மேசையிலும். உங்கள் பக்கம் எப்படி? இருவரும் சுகம்தானே?

வாளி வந்தது. திறந்ததும் ஆய்வகமே நம் வீட்டுப் பின்பக்கம் மாதிரி நாறியது. உசாமி ஜன்னலைத் திறக்க ஓடினார், நான் மட்டும் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றேன். அதில் நமக்கு வேண்டிய கிருமி இருந்தது, நிறையவே.

நீ கேட்ட கேள்வியைப் பேராசிரியரிடம் சொன்னேன். "உங்க அண்ணன் என்ன படிச்சிருக்கார்?" என்றார். "கடலில் நோரிப் பாசி வளர்க்கிறார்" என்றேன். "அவரை இங்க அனுப்பிட்டு நீங்க நோரி வளர்க்கப் போங்க" என்றார்.

பதில் இதுதான். இரும்பு தாராளமாக இருந்தால் கிருமி தூண்டிலே செய்யாது. பசித்தால்தான் செய்யும். அதனால் எங்கள் வேலையே அதைப் பட்டினி போடுவதுதான். உணவுக் கரைசலிலிருந்து இரும்பைத் துளிகூட இல்லாமல் நீக்க வேண்டும். கண்ணாடிக் குடுவைகளை அமிலத்தில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். பிறகு ஒரு நீல நிறத் தட்டில் கிருமியை வைப்போம். அந்த நீலச் சாயம் இரும்பைப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் நீலமாக இருக்கிறது. தூண்டில் வந்து இரும்பைப் பிடுங்கினால் கிருமியைச் சுற்றி ஆரஞ்சு வட்டம் விழும். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் என் தட்டுகள் எல்லாம் நீலமாகவே இருக்கின்றன. எங்கிருந்தோ இரும்பு கசிகிறது. கிருமி வயிறு நிறையத் தின்றுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. இலையுதிர் காலக் கூட்டத்துக்குள் ஒரு துளித் தூண்டிலாவது காட்டாவிட்டால் இந்த மேசை வேறு யாருக்கோ போய்விடும்.

நீயா சாகே அலுத்துவிட்டது என்கிறாய்? என்னை யாரென்று நினைத்தாய்? பரிசோதனை முடிவைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. மறந்துவிட்டாய் போலிருக்கிறது. அடுத்த கடிதத்தில் எழுது.

சயோகோ

❖

சாகா
ஜூலை 6

சயோவுக்கு,

மழை வந்தது, நனைந்தோம். நலம்.

உன் பேராசிரியரிடம் சொல், நோரிக்கு விடுமுறை கிடையாது, சம்மதமென்றால் வரட்டும். கசிவைத் தேடுகிறாயே, படகில் ஓட்டை தேடுவது போல்தான். தண்ணீர் தெரிகிற இடத்தில் ஓட்டை இருக்காது. அது எங்கிருந்து இறங்கி வருகிறது என்று மேலே பார்.

முன்னோருக்கான ஓபோன் பண்டிகை விருந்து முறை இந்த வருடம் நம் வீட்டுக்கு வந்திருக்கிறது. அப்பா காலத்துக்குப் பிறகு இப்போதுதான். முறைக்காரன் எல்லோருக்கும் முன்னால் முதல் ஷாகோ இறாலை உரித்துப் பச்சையாகத் தின்ன வேண்டும், அப்புறம்தான் மற்றவர்கள் கை வைப்பார்கள். அப்பா தின்றதும் ஊரே கைதட்டியது உனக்கு நினைவிருக்காது, அப்போது நீ அம்மா முதுகில் தூங்கிக்கொண்டிருந்தாய். இந்த வருடம் ஷாகோ நல்ல கொழுப்பு. நீயும் வாயேன்.

நம் சங்கத்துச் செங்கிச்சியின் பேரை, நோரி வளர்க்கும் கடல் பங்குக்குக் குலுக்குகிற சீட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். முதுகில் அறுவைச் சிகிச்சை ஆனதிலிருந்து குளிரில் படகேற முடியவில்லை. செப்டம்பரில் கடல் பங்கு பிரிக்கிறபோது அவனுக்குச் சீட்டு இல்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை, சங்கத்து வழக்கம் அது. உடம்பு முடியாதவனுக்குக் கடல் எதற்கு என்பார்கள். இப்போது அவன் மனைவி பெட்டித் தொழிற்சாலைக்குப் போகிறாள், அவன் வீட்டில் உட்கார்ந்து டிவியில் குதிரைப் பந்தயம் பார்க்கிறான்.

உன் அண்ணி வார்ப்பிரும்புக் கெட்டில் ஒன்று வாங்கியிருக்கிறாள். அதில் கொதித்த தண்ணீரைக் குடித்தால் ரத்தம் ஊறுமாம். அதனால் இப்போது தேநீரும் ஆணி வாசனை அடிக்கிறது.

ஒரு கேள்வி. ஒரு மனிதனுக்கு உடம்பில் இரும்பு குறைவாக இல்லை, அதிகமாகவே இருக்கிறது என்று வை. அவனுக்குள் இந்தக் கிருமி போனால் என்ன ஆகும்? சும்மா வலை கட்டும்போது தோன்றியது.

ரியோசோ

❖

ஒகாயாமா
ஜூலை 19

அன்புள்ள அண்ணா,

மழை ஓய்ந்து சிள்வண்டுகள் கத்த ஆரம்பித்துவிட்டன. உடம்பு நலம்தானே? வெயிலில் தொப்பி போட்டுக்கொள்.

மேலே பார் என்றாயே, பார்த்தேன்! குடுவைகளை நீராவியில் அவிக்கிற பெரிய பாத்திரம் ஒன்று இருக்கிறது. நான் பள்ளிக்கூடம் போன காலத்துப் பாத்திரம். அதன் மூடியின் உள்பக்கம் துருப்பிடித்திருக்கிறது. நீராவி அந்த மூடியில் முட்டிச் சொட்டும்போது துருவும் சேர்ந்து குடுவையின் பஞ்சடைப்பில் இறங்கியிருக்கிறது. அமிலத்தில் அவ்வளவு பாடுபட்டுக் கழுவிவிட்டுக் கடைசியில் நானே இரும்புச் சாற்றைச் சொட்டவிட்டிருக்கிறேன். பஞ்சுக்கு மேல் ஒரு மூடி போட்டுக் கட்டினேன், அவ்வளவுதான். மறுநாள் காலை தட்டை எடுத்தால் கிருமியைச் சுற்றி ஆரஞ்சு வட்டம்! நான் கத்திய கத்தலில் உசாமி தேநீரைக் கொட்டிக்கொண்டார்.

அப்புறம் பிரிக்கும் வேலை. கிருமியை வடிகட்டி எறிந்துவிட்டு, அது வாழ்ந்த நீரை மட்டும் ஒரு கண்ணாடிக் குழாய் வழியே விடுகிறோம். குழாய்க்குள் பிசின் மணிகள். தூண்டில் அந்த மணிகளில் ஒட்டிக்கொள்ளும், உப்பும் சர்க்கரையும் ஓடிவிடும். பிறகு மெத்தனால் ஊற்றினால் தூண்டில் கழன்று கீழே இறங்கும். அதில் ஒரு சொட்டு இரும்புக் கரைசல் விட்டேன். திராட்சை மதுவின் நிறம் வந்தது. இன்னும் அது தனியாக இல்லை, இரண்டு மூன்று உறவுக்காரர்களோடுதான் இருக்கிறது. அவர்களைக் கழித்துக்கட்ட வேண்டும்.

உன் கேள்வி அருமையான கேள்வி. உடம்பில் உபரி இரும்பு இருந்தால், பிடித்துவைக்கும் புரதத்துக்குக் கை நிறைந்துவிடும். மிச்ச இரும்பு கிருமிக்கு எட்டும்படி கிடக்கும். பிடுங்கிச் சண்டை போடவே வேண்டாம், விருந்துதான். ஈரல் கெட்டவர்களுக்கு இப்படி ஆகிறது. மற்றவர்கள் அதே ஷாகோவைத் தின்றால் வயிற்று வலியோடு போய்விடும், இல்லையென்றால் அதுவும் இருக்காது. ஈரல் கெட்டவர் தின்றால் கிருமி ரத்தத்தில் ஏறிவிடும். மறுநாள் காய்ச்சல், கால் வீங்கிக் கறுக்கும். பாதிப் பேருக்கு மேல் பிழைப்பதில்லை, அதுவும் இரண்டே நாளில். வேகவைத்துவிட்டால் ஒன்றுமே இல்லை, கிருமி செத்துவிடும். எவ்வளவு விசித்திரம் பார், ஒரே கடல், ஒரே தட்டு!

ஆமாம், ஏன் கேட்டாய்? பரிசோதனை முடிவு எங்கே?

சயோகோ

❖

சாகா
ஜூலை 28

சயோவுக்கு,

ஆரஞ்சு வட்டம் விழுந்தது கேட்டு மகிழ்ச்சி. இங்கே வெயில் கொளுத்துகிறது. விருந்துக்கு விளக்குகள் கட்டத் தொடங்கிவிட்டார்கள். அண்ணி சுகம்.

சங்கத்துப் பரிசோதனைத் தாள்கள் எங்கேயோ கலந்துபோய்விட்டனவாம். வந்தால் சொல்கிறேன்.

நீ சொன்ன அந்த ஆட்கள், வாயில் போட்டு மென்றுவிட்டு விழுங்காமல் துப்பிவிட்டால் பரவாயில்லையா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். வேலை இருக்கிறது, இத்தோடு முடிக்கிறேன்.

ரியோசோ

❖

ஒகாயாமா
ஆகஸ்ட் 2

அண்ணா,

வெயிலைப் பற்றி எழுத எனக்கு மனசில்லை.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். தூண்டிலைச் சுத்தமாக்குவது போலவே செய்தேன். வேடிக்கை, தொராய்ச்சி, மழை, எல்லாவற்றையும் ஓடவிட்டேன். என்ன ஒட்டிக்கொண்டு நின்றது தெரியுமா? குடியை விட்டது. களைப்பு. இரும்பு அதிகமான ஒரு மனிதன். துப்பினால் போதுமா என்ற கேள்வி. நான் கேட்டுக் கேட்டும் வராத ஒரு பதில்.

உன் ஈரல் கெட்டிருக்கிறது. பரிசோதனையில் அது தெரிந்துவிட்டது. சீட்டில் பேர் போய்விடும் என்று நீ சங்கத்திடம் சொல்லவில்லை. அண்ணியிடமும் சொல்லவில்லை. அவள் உனக்கு ரத்தம் இல்லை என்று நினைத்து மட்டியும் ஈரலும் இரும்புத் தண்ணீருமாக ஊற்றுகிறாள், நீயும் வேண்டாமென்று சொல்ல வாயில்லாமல் குடிக்கிறாய். இன்னும் இரண்டு வாரத்தில் ஊருக்கு முன்னால் பச்சை ஷாகோவைத் தின்னப்போகிறாய்.

நான் எவ்வளவு குஷியாக எழுதினேன், இரண்டே நாளில் செத்துவிடுவார்கள் என்று! எழுதிய கையை வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது. நீ அதைப் படித்துவிட்டு ஆரஞ்சு வட்டம் விழுந்தது மகிழ்ச்சி என்று எழுதியிருக்கிறாய். எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வருகிறது.

துப்பினால் போதாது. வாயில் ஒரு புண் இருந்தால் போதும். காலில் வெட்டுக்காயத்தோடு சேற்றில் இறங்கினாலும் போதும். மட்டி சூப்பை நிறுத்து, ஈரல் வறுவலை நிறுத்து, அந்தக் கெட்டிலைப் பரணில் போடு. பெரிய மருத்துவமனைக்குப் போ. இப்போது புதிதாக ஒரு ரத்தப் பரிசோதனை வந்திருக்கிறது, எதனால் ஈரல் கெட்டது என்று சொல்லும்.

சீட்டில் உன் பேர் இல்லாமல் போனால் நாம் இருவரும் சேர்ந்து ஏதாவது வழி பார்ப்போம். நீயே இல்லாமல் போனால் நான் யாரோடு வழி பார்ப்பது?

விருந்துக்கு முன், பதின்மூன்றாம் தேதிக்குள் அண்ணியிடம் நீ சொல்லிவிடு. இல்லையென்றால் நான் போன் செய்து அவளிடம் சொல்வேன். தெருவுக்கே கேட்டாலும் கவலையில்லை.

சயோ

❖

சாகா
ஆகஸ்ட் 17

சயோவுக்கு,

நலம். இந்தத் தடவை நிஜமாகவே நலம்.

உன் கடிதம் வந்ததும் படகுக் கொட்டகையில் வைத்துப் படித்தேன். எல்லாம் நீ எழுதியபடிதான். மே மாதமே தெரியும். "ஈரல் கல்லாகிக்கிட்டு வருது, இரும்பும் சேர்ந்திருக்கு" என்றார் டாக்டர். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். செங்கிச்சி வீட்டு டிவிதான் கண்ணுக்குள் நின்றது.

அண்ணியிடம் வாயால் சொல்ல வரவில்லை. உன் கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டு வலையைப் பிரிக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன். படித்தாள். எழுந்து போய்க் கெட்டிலைத் தூக்கி முற்றத்தில் வீசினாள்.

"இத்தனை நாளா என் கையால உங்களுக்கு விஷம் ஊத்திக் கொடுத்திருக்கேன். வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்ல மாட்டீங்களா? நான் என்ன ஊராளா?"

"நீ கவலப்படுவேன்னுதான்..."

"இப்ப மட்டும் என்ன, சந்தோஷமாவா இருக்கேன்?"

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோறு மட்டும் போட்டாள், மட்டி இல்லாமல்.

விருந்தன்று சங்கக் கூடம் நிறைந்திருந்தது. என் முன்னால் தட்டில் ஷாகோ, இன்னும் கால் ஆடிக்கொண்டிருந்தது. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். உடம்பு சரியில்லை, வயிற்றுக் கோளாறு என்று அண்ணியை ஏதாவது சொல்லவைத்துச் சமாளிக்கலாம் என்றுதான் போயிருந்தேன். தொராய்ச்சி விடவில்லை.

"என்னடா ரியோசோ, ஷாகோகிட்ட அனுமதி கேக்குறியா? உங்கப்பா உரிச்சதும் தெரியாது, முழுங்குனதும் தெரியாது."

எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. எழுந்து நின்றுவிட்டேன்.

"நான் திங்க மாட்டேன். என் ஈரல் கெட்டுப் போச்சு. இத பச்சையாத் தின்னா ரெண்டு நாள்ல செத்துருவேன்னு என் தங்கச்சி எழுதியிருக்கா."

காது மந்தம் அல்லவா, நான் எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. கூடத்துக்கு வெளியே விளையாடிய பிள்ளைகள்கூட நின்றுவிட்டனவாம். சொன்னதுதான் சொன்னோம் என்று முழுதாகச் சொல்லிவிட்டேன். கிருமி, தூண்டில், புரதம் கைநிறைந்து போவது, எல்லாம். நீலத் தட்டு ஆரஞ்சாவதையும் சொன்னேன். அது எதற்கு என்று இப்போது யோசிக்கிறேன், ஆனால் அந்த இடத்தில்தான் எல்லோரும் நன்றாகக் கேட்டார்கள்.

முடித்தேன். என் பேர் சீட்டிலிருந்து போயிற்று என்று நினைத்தேன். அப்போது தொராய்ச்சி தன் சாப்பாட்டுக் குச்சிகளைக் கீழே வைத்தான்.

"நான் மூணு வருஷமா மென்னு துப்பிக்கிட்டிருக்கேன்," என்றான். "கைக்குட்டையில."

நான் அவனையே பார்த்தேன். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவர் குச்சிகளை வைத்தார். பிறகு எதிர் வரிசையில் ஒருவர். பிறகு இன்னொருவர். மரக்குச்சி மேசையைத் தொடும் சத்தம் மட்டும். கடைசியில் சங்கத் தலைவரும் வைத்தார், சயோ. சீட்டிலிருந்து பேரை அடிக்கிறவர்!

"சின்ன வயசுல வரிசையா நிக்க வச்சு ஒரே ஊசியால எல்லாருக்கும் குத்துனாங்கல்ல, அதுலதான் ஈரல் கெட்டுச்சுன்னு எங்க டாக்டர் சொன்னாரு," என்றான் தொராய்ச்சி. ஒரே வரிசையில் நின்றவர்கள்தானே நாங்கள் எல்லோரும். இத்தனை வருடம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஒவ்வொருவனும் ஒரு வித்தை வைத்துக்கொண்டு தப்பித்திருக்கிறோம்.

ஆனால் ஒன்று, சயோ. பரிமாறிக்கொண்டிருந்த ஹட்சுனோ அக்கா தட்டோடு அப்படியே நின்றாள். அவள் கணவர் இறந்தது நான்கு கோடைக்கு முன்னால். திருக்கை முள் குத்தியிருக்கும் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவள் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள், அதனால் எனக்கு முதலில் கேட்கவில்லை. திரும்பவும் கேட்டாள்.

"அவருக்கும் கால்தானே கறுத்துச்சு? முந்துன நாள் நான்தான் உரிச்சுக் கொடுத்தேன். அதுவா, ரியோசோ?"

நான் அவளுக்கு என்ன சொல்ல? நீதான் எழுத வேண்டும்.

ரியோசோ

❖

ஒகாயாமா
ஆகஸ்ட் 25

அன்புள்ள அண்ணா,

நீ உயிரோடிருக்கிறாய். உன் கடிதத்தை ஆய்வகத்தில் வைத்தே படித்து அழுதேன். ஏதோ பரிசோதனை சொதப்பிவிட்டது என்று நினைத்து உசாமி எனக்கு ஒரு பொட்டலம் பிஸ்கட் வாங்கி வந்தார். நானும் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். எனக்கு அந்த நோய் இல்லை. நான் பள்ளிக்கூடம் போனபோது ஊசியை மாற்ற ஆரம்பித்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஒரே தட்டில் சாப்பிடுவதால் அது தொற்றாது என்று எல்லோரிடமும் சொல். அண்ணி பயப்பட வேண்டாம்.

கீழே இருப்பது ஹட்சுனோ அக்காவுக்கு. நீ படித்துக் காட்டு, ஆனால் தயவுசெய்து கூடத்தில் பேசிய குரலில் வேண்டாம்.

அன்புள்ள ஹட்சுனோ அக்கா,

நலமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. உங்களுக்கு ஆறுதலாக ஒரு பொய் எழுதலாமா என்று யோசித்தேன். நீங்கள் கேட்டது அதற்காக இல்லை என்று தோன்றியது. அதனால் எனக்குத் தெரிந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கால் கறுத்தது, காய்ச்சல், அவ்வளவு வேகம், எல்லாம் இந்தக் கிருமியின் வேலையாகவே தெரிகிறது. உறுதியாகச் சொல்ல அப்போது யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. ஷாகோ வழியாக வந்ததா, காலில் இருந்த சின்னக் காயம் வழியாகச் சேற்றிலிருந்து வந்ததா என்றும் இனிமேல் யாராலும் சொல்ல முடியாது. நீங்கள் உரித்த அதே ஷாகோவை அன்று நீங்களும் தின்றிருப்பீர்கள், பக்கத்து வீட்டாரும் தின்றிருப்பார்கள். உங்கள் கையில் குற்றம் இல்லை. அவர் ரத்தத்தில் இரும்பு நிறைந்திருந்தாலும் அதை வெளியிலிருந்து யாரும் பார்த்திருக்க முடியாது.

நான் சுத்தமாக்கிய பொருள் நேற்றுதான் முழுதாகத் தனியாக நின்றது. வெளிர் மஞ்சள் பொடி, விரல் நகத்தில் அடங்கிவிடும். அதன் நிறை தெரிந்துவிட்டது. வடிவம் தெரிய இன்னும் சில வாரங்கள் ஆகும். உசாமி கைதட்டினார். எனக்கு அதைப் பார்க்க அழகாகவும் இருந்தது, வெறுப்பாகவும் இருந்தது. அந்தத் தூண்டிலை மடக்க முடியுமா என்று பார்ப்பதுதான் இனி என் வேலை. முடியும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். தேடுவேன்.

சயோகோ

❖

சாகா
செப்டம்பர் 20

சயோவுக்கு,

காற்று குளிர்ந்துவிட்டது. பார், நானும் எழுதிவிட்டேன். பெரிய மருத்துவமனையில் வாரம் மூன்று நாள் ஊசி போடுகிறார்கள். வேனில் நாங்கள் இரண்டு கும்பலாக முறை வைத்துப் போகிறோம், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. அண்ணி பேச ஆரம்பித்துவிட்டாள், நிறுத்தவில்லை.

நேற்றுச் சீட்டுக் குலுக்கினார்கள். ஈரல் கெட்டவனுக்கெல்லாம் பேர் இல்லையென்றால் குலுக்கவே ஆள் இருக்காது என்று தலைவருக்கும் தெரியும். அதனால் புது ஏற்பாடு, இரண்டு வீடு சேர்ந்து ஒரு படகு, ஒரு பங்கு. ஒருவன் மருத்துவமனைக்குப் போனால் மற்றவன் கடலுக்குப் போவான். எனக்கு ஜோடி யார் என்று நினைக்கிறாய்? தொராய்ச்சிதான். குளிர்காலம் முழுக்க அவன் பேச்சைக் கேட்க வேண்டும். எஞ்சின் சத்தமே தேவலை. செங்கிச்சியின் பேரையும் திரும்ப எழுதினார்கள். அவன் படகேற மாட்டான், கரையில் உட்கார்ந்து வலை பார்ப்பான்.

உன் கடிதத்தை ஹட்சுனோ அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். நம் வீட்டில், அண்ணியும் இருந்தாள். மெதுவாகத்தான் படித்தேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். ஒரு இடத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னாள், உங்கள் கையில் குற்றம் இல்லை என்ற இடத்தை. படித்தேன். பிறகு கேட்டாள்.

"அவருக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குமோ? தெரிஞ்சிருந்தா என்கிட்ட சொல்லியிருப்பாரா, ரியோசோ?"

நான் உன்னைப் போலத்தான் யோசித்தேன், பொய் சொல்லலாமா என்று.

"சொல்லியிருக்க மாட்டாரு அக்கா. நாங்க யாரும் சொல்லல."

அவள் தலையை ஆட்டினாள். "ஒருத்தர் சொல்லியிருந்தாப் போதும்," என்றாள். "யாராவது ஒருத்தர்." அப்புறம்தான் அழுதாள். அண்ணி அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

நான் சேற்றுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். படகுத்துறையில் போய் நின்றேன். மே மாதம் எனக்குத் தெரியும், சயோ. நான்கு கோடைக்கு முன்னால் இன்னும் சிலருக்குத் தெரிந்திருக்கும். அங்கே நின்று நானும் அழுதேன். தொராய்ச்சி வலையோடு வந்தான், என்னைப் பார்த்துவிட்டான். ஒரு வார்த்தைகூடக் கேலி பேசாமல் வலையைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

ரியோசோ